வைக்காத வெடி

எடமலைப்பட்டி புதூர் ரத்தினவேல் என்றால் திருச்சிராப்பள்ளியில் கிணறு வெட்டுவோர் அனைவர்க்கும் தெரியும். மண்ணைத் தோண்டுவது அவர் வேலையன்று. மண்ணுக்கடியில் பாறை வந்து மறித்துக்கொண்டபின், இனி நம்மால் ஆகாது என்று மற்றவர்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படும் இடத்தில்தான் அவருடைய தொழில் தொடங்கும். பாறையில் துளையிட்டு, வெடிமருந்துத் தோட்டாவைச் செருகி, திரியைக் கொளுத்தி, உடைத்து, ஊற்றுக் கண்ணைத் திறந்துவிடுவார். ஐம்பதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுச் சுக்கு கிடக்கும். கோபம் வரும்போதெல்லாம் அதைக் கடித்துக்கொள்வார். கோபம் அடிக்கடி வருமாதலால் சுக்கும் அடிக்கடி தீர்ந்துவிடும்.

திரி கொளுத்துமுன் சுற்றுவட்டாரத்தைத் தாமே ஒருமுறை நடந்து பார்ப்பார். கையாள் எத்தனை நம்பிக்கையானவனாயினும் அந்த நடையை அவனிடம் விடுவதில்லை. அன்றியும், வேலை பேசும்போது ஒப்பந்தம் என்று எதையும் எழுதமாட்டார். “எழுதினா காகிதம்தான் பேசும். எனக்கு வாய் இருக்கு” என்பார். சொன்ன நாளில் தொடங்கி, சொன்ன ஆழம்வரை போவார். வீட்டுக்காரர், சுவர் விரிசல் விடுமோ என்று அஞ்சினால், “விடாது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அவர்களும் அதை நம்பி அடுப்பங்கரையில் சமையலைத் தொடர்வார்கள். பிறர் வாசலில் வெடிமருந்தைக் கொண்டுபோய் வைத்துப் பிழைக்கிறவனுக்கு வாக்கைத் தவிர வேறு முதல் கிடையாது என்பது அவருடைய எண்ணம். அதில் ஓர் ஓட்டை விழுந்தால் அப்புறம் ஊரில் ஒருவரும் தம்மை வாசலுக்குள் விடமாட்டார் என்பதை அவர் நன்கறிவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு, பங்குனி மாதம். தென்னூருக்கு அப்பால், பாறை ஆங்காங்கே தலைகாட்டும் மேட்டு நிலத்தில் இருந்த ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்கில், மாணவர் விடுதிக்குப் புதுக்கிணறு வெட்டும் வேலை அவரிடம் வந்திருந்தது. அதற்குக் கல்லெறி தூரத்தில் கோயிலின் பழைய கிணறு இருந்தது. அந்த ஆண்டு பங்குனி உத்திரமும், இயேசு மரித்த பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஸ்ரீரங்கத்தில் பெருமாளும் தாயாரும் சேர்ந்து சேவை சாதிக்கும் நாளில், இங்கே பங்கில் கோயில் மணி ஊமையாகிக் கிடந்தது. பெரிய வியாழனன்று கட்டிய மணியைச் சனிக்கிழமை இரவுப் பூசையில்தான் அவிழ்ப்பார்கள். இடையிலே மரப்பலகையைத் தட்டித்தான் மக்களை அழைப்பது வழக்கம்.

பங்குச் சாமியார் வியாழனன்றே ரத்தினவேலை அழைத்துச் சொல்லியிருந்தார்.

“ரத்தினவேலு, மணியே வாயைக் கட்டிக்கிட்டு இருக்கிற நாளு. ஈஸ்டர் முடியிற வரைக்கும் ஒரு வெடியும் கூடாதுங்க.”

“கூடாது சாமி. செவ்வாய்க்கிழமைதான் இனித் திரியைத் தொடுவேன். வாக்கு.”

கையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தாம் மட்டும் நாள்தோறும் காலையில் வந்து, வெடிமருந்துப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்து, குழிக்குள் இறங்கி, மூலையில் எவ்வளவு கசிவு தேங்கியிருக்கிறது என்று கண்டு, மேலேறி, பூவரச மரத்தடியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவார். அதுதான் பிற்பாடு வினையாயிற்று.

பெரிய சனியன்று காலை பத்து மணி இருக்கும். அன்றிரவு சாமியார் மந்திரிக்க வேண்டிய தீர்த்தத்துக்காகக் கோயில் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பீடத்துத் துணிமணிகளைத் துவைத்து மடிக்கும் லூர்துராணிதான் வாளியை இறக்கினாள். இறக்கிய வாளி, கயிறு பாதிகூட ஓடுமுன் தண்ணீரைத் தொட்டது. இதென்ன என்று அவள் எட்டிப் பார்ப்பதற்குள் வாளிக்குக் கீழே தண்ணீர் விலகிப் போயிற்று. மறுபடியும் ஏறிற்று.

“ஐயையோ, தண்ணி ஏறுது! இறங்குது! எல்லாரும் ஓடியாங்க!”

மரத்தடியிலிருந்து ரத்தினவேல்தான் முதலில் ஓடினார். தூங்குகிறவனுடைய மார்பைப் போலக் கிணற்றுத் தண்ணீர் நிதானமாக ஏறி, நிதானமாகத் தாழ்ந்தது. சுற்றுச்சுவரின் ஈரக்கோடு ஒவ்வொரு மூச்சுக்கும் புதிதாயிற்று. மேலே காற்றில்லை, மரத்தின் இலையொன்றும் அசையவில்லை, காலின் கீழே தரை தரையாகவே இருந்தது. சிறிது நேரத்தில் அடியிலிருந்து செம்பழுப்பாகக் கலங்கல் கிளம்பி, பளிங்குபோலிருந்த தண்ணீரைக் குட்டைத் தண்ணீராக்கிற்று. இத்தனை ஆண்டுத் தொழிலில் ரத்தினவேல் அப்படியொன்றைக் கண்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நின்றதுதான் தவறு. பீடத்தை அலங்கரித்துக்கொண்டிருந்த செபஸ்தியான் அங்கு வந்தபோது அவர் கண்ணில் முதலில் பட்டது கிணறன்று, கிணற்றடியில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த ரத்தினவேல்தான்.

செபஸ்தியான் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பங்குக் குழுவில் மூத்தவர். இயந்திரங்களோடு பழகியவராதலால், காரணமில்லாமல் எதுவும் அசையாது என்பதில் உறுதியானவர்.

“என்ன ரத்தினவேலு, வெச்சிட்டீங்களா?”

“எதை?”

“எதையா! வெடியைத்தான்.”

“வெடி வெச்சா சத்தம் கேக்காதாண்ணே? உங்க காதுல விழுந்துச்சா?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன். சத்தம் வராம எப்படி வெச்சீங்க?”

ரத்தினவேல் சுக்கைத் தேடினார். “சத்தம் வராத வெடி உலகத்துல ஏதுங்க?”

“எங்க ஒர்க்‌ஷாப்புல ஒருத்தன் சொன்னான். ரஷ்யாக்காரன் கண்டுபிடிச்சிட்டானாம். பாறை பொத்துனு உடையுமாம். பக்கத்துல படுத்திருக்கிறவன் புரண்டுகூடப் படுக்க மாட்டானாம்.”

“அப்படி ஒண்ணு இருந்தா நான் எதுக்குங்க வெடி வெடின்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டுத் திரியிறேன்?”

“ஊரை ஏமாத்தத்தான்.”

அதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. லூர்துராணி சிலுவை போட்டுக்கொண்டு முன்னே வந்தாள். “அவரை ஏண்ணே வையிறீங்க? இன்னிக்கு என்ன நாளு? ஆண்டவர் கல்லறையில கிடக்கிற நாளு. பூமியே பெருமூச்சு விடுது.”

தமக்காகப் பேச ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், “அப்படிச் சொல்லும்மா!” என்றார் ரத்தினவேல்.

“கொடுத்த வாக்கை மீறினது யாருன்னு காட்டிக் கொடுக்கத்தான் அப்படிப் பெருமூச்சு விடுது” என்று அவள் முடித்தாள்.

ரத்தினவேலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. செபஸ்தியானின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய் வெடிமருந்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். தோட்டாக்கள் அடுக்கியபடி இருந்தன.

“இது காட்டுறதுக்கு வெச்சிருக்கிறது. வெடிச்சது வேற வாங்கினதா இருக்கும்” என்றார் செபஸ்தியான்.

ரத்தினவேல் அவரைப் புதுக்கிணற்றின் விளிம்பில் நிறுத்தி, அடுத்த வெடிக்குப் போட்டு வைத்த துளைகளில் அடைத்திருந்த கந்தைத் துணிகளைக் காட்டினார். “பாருங்க, ஒரு துணியாவது எடுத்திருக்கா?”

“புதுசா ஒரு துளை போட்டிருப்பீங்க.”

“எங்க? காட்டுங்க!”

“அந்தத் தண்ணி நிக்கிற மூலையில இருக்கும்.”

“அப்ப இறங்கிப் பாருங்களேண்ணே. ஏணி இருக்கு.”

“நான் எதுக்கு இறங்கணும்? பாதி வெடிச்சது மீதி வெடிச்சு என் காலு போகவா?”

செய்த செயலை மெய்ப்பிக்க ஆயிரம் வழி உண்டு. செய்யாததை எப்படி எடுத்துக் காட்டுவது? ரத்தினவேல் சுக்கைக் கடித்துக் கடித்து, நாக்கு எரிய நின்றார்.

ஆரவாரம் கேட்டுப் பங்குச் சாமியாரும் வந்தார். தவக்காலம் முழுவதும் பிரசங்கம் செய்து தொண்டை கட்டிப்போயிருந்தது. மனம் இளகியவர், அன்று யாரையும் கடிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை. கலங்கிய தண்ணீரைப் பார்த்தார், ரத்தினவேலைப் பார்த்தார், தோளில் கை வைத்தார்.

“ஏதோ அவசரத்துல செஞ்சிருப்பீங்க. மனுசன்தானே. ஒத்துக்கிட்டா நான் மறந்துடுறேன்.”

“சாமி, நான் செய்யவே இல்லீங்க.”

“அதான் மன்னிச்சிட்டேன்னு சொல்றேனே.”

“செய்யாததுக்கு எதுக்குங்க மன்னிப்பு?”

“நல்லது. மனசை அலட்டிக்காதீங்க. திங்கட்கிழமை சாயங்காலம் குழு கூடுது. அப்பப் பேசிக்கலாம்” என்று சொல்லி, தீர்த்தத்துக்கு வேறு கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்யப் போய்விட்டார். செபஸ்தியானுடைய ஏச்சைப் பொறுத்துக்கொண்ட ரத்தினவேலால், சாமியாருடைய அந்த அன்பைத்தான் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. திட்டுகிறவனோடு சண்டை போடலாம். மன்னிக்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

அவர் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அவர் மனைவி செல்லக்கிளி வாசலிலேயே கேட்டாள்: “என்னங்க, சத்தமில்லாத வெடி வெச்சிருக்கீங்களாமே? வீட்டுல மட்டும் ஏன் இத்தனை சத்தம் போடுறீங்க?” அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் கிணறு வெட்டச் சொல்லியிருந்த இரண்டு தெரு தள்ளிய வீட்டுக்காரர் ஞாயிறு காலை வந்து, “பொறுத்துப் பாத்துக்குவோமே” என்று இழுத்துவிட்டுப் போனார். ஓட்டை விழத் தொடங்கிவிட்டது என்று ரத்தினவேலுக்குத் தெரிந்தது.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சகாயநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர். அதே பங்கைச் சேர்ந்தவர். திருநாள் வேட்டிகூடக் கலையவில்லை. முகமெல்லாம் பெருமகிழ்ச்சி.

“ரத்தினவேலு! நீங்க வெடி வைக்கலைங்க!”

“அது எனக்குத் தெரியும் சார்.”

“இல்ல, அந்தத் தண்ணி ஏன் ஆடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. ரேடியோவில சொன்னான். அலாஸ்கான்னு, அமெரிக்காவோட வடமேற்கு ஓரத்துல பெரிய நிலநடுக்கம். நேத்து நம்ம நேரத்துக்குக் காலைல ஒன்பது மணிக்கு மேல. அந்த அதிர்வு நம்ம ஊருக்கு வந்து சேரக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாத்தேன், பத்து மணிக்குச் சரியா வருது!”

செல்லக்கிளி காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். “பொன்மலையிலிருந்து வர்ற பத்து மணி பஸ்ஸே பத்தரைக்குத்தாங்க வருது. அமெரிக்காவுல கிளம்பினது மட்டும் சரியா வந்துடுச்சாக்கும்?”

“பஸ்ஸுதாம்மா தாமதமாகும். இது ஆகாது.”

“எவ்வளவு தூரம் சார் அது?” என்றார் ரத்தினவேல்.

“உலகத்தை ஒரு சுத்துச் சுத்துறதுல நாலுல ஒரு பங்குக்கு மேல.”

ரத்தினவேல் புருவத்தைச் சுருக்கினார். சகாயநாதன் அவர் முகத்தைக் கவனியாமல் விளக்கத் தொடங்கினார். பெரிய வெண்கல மணியை ஒருபுறம் அடித்துவிட்டு மறுபுறம் விரலை வைத்தால் அதிரவில்லையா? பூமியும் அப்படித்தான். “உங்களுக்கு நான் சொல்லணுமா? பாறைக்குள்ள வெடிப்பு வெடிப்பாத் தண்ணி நிக்குது. பூமி நெளியிறப்ப அந்த வெடிப்பு கொஞ்சம் இறுகும், அப்புறம் கொஞ்சம் விரியும். இறுகினா தண்ணி கிணத்துக்குள்ள பிதுங்கி வரும். விரிஞ்சா திரும்ப உள்ள இழுத்துக்கும். ஆட்டம் ரொம்ப மெதுவு, நம்ம காலுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும். வெடிப்புல தங்கியிருந்த மண்ணு கிளம்பிக் கலங்கிடும். எல்லாக் கிணத்துலயும் ஆகாது. ஆழத்துல அடைபட்டுக் கிடக்கிற தண்ணியோட தொடர்பு இருக்கிற கிணத்துலதான் ஆகும்.”

பாறை வெடிப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் ரத்தினவேலுக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் அலாஸ்கா? அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: “சார், நீங்க நல்லவரு. எனக்காக மெனக்கெட்டு ஒரு கதையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. வேணாங்க.”

“நான் கட்டலைங்க! நடந்தது!”

“நடந்ததாவே இருக்கட்டும். நாளைக்குக் கூட்டத்துல நான் எந்திரிச்சு, ‘நான் இல்லீங்க, அமெரிக்கா’ன்னு சொன்னா, அங்க இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? அப்புறம் எவன் வீட்டுச் சுவரு விரிஞ்சாலும், ‘ரத்தினவேலைக் கேளு, ஜப்பான்ல பூமி ஆடுச்சும்பான்’னு சிரிப்பாங்க. பொய் சொல்லித் தப்பிச்சவன்னு பேரு வர்றதுக்கு, தப்புப் பண்ணினவன்னே இருந்துட்டுப் போறேன்.”

“பொய் இல்லைன்னு எத்தனை வாட்டிங்க சொல்றது!” சகாயநாதன் தம்ளரை நங்கென்று வைத்தார். பொறுமைக்குப் பேர்போன அந்த மனிதருடைய குரலே உயர்ந்துவிட்டது. “ஒண்ணு செய்யுங்க. தூரத்துல ஏதாவது கிணறு அன்னிக்கு ஆடுச்சான்னு விசாரிங்க. ஆத்துக்கு அந்தாண்ட இருந்தா இன்னும் நல்லது. உங்க வெடி காவேரியைத் தாண்டாதில்ல?”

“தாண்டாதுங்க” என்றார் ரத்தினவேல். விசாரிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

அவர் விசாரிக்கவுமில்லை. திங்கட்கிழமை காலை அதுவே அவரை விசாரித்துக்கொண்டு வந்தது. ஸ்ரீரங்கம் உத்திர வீதி திருநாராயணாச்சாரியார் ஆளனுப்பியிருந்தார்: உடனே வரவேண்டும். அவர் வீட்டுக் கிணறு மணற்கிணறு. கோடையில் தண்ணீர் போதவில்லை என்று, கிணற்றின் அடியிலே களிமண் படுகையைத் துளைத்து, அதற்கடியில் அடைபட்டுக் கிடக்கும் தண்ணீருக்கு ஓர் இரும்புக் குழாயை ரத்தினவேல்தான் முந்திய மாதம் இறக்கிக் கொடுத்திருந்தார். அங்கும் என்ன கோளாறோ என்று எண்ணியபடியே பஸ் ஏறினார்.

பங்குனித் திருநாள் கூட்டம் வடிந்த வீதிகளில் தேர் இழுத்த தடம் இன்னும் மறையவில்லை. ஆச்சாரியார் வாசலிலேயே காத்திருந்தார்.

“வாரும் ஓய்! குழாயா இறக்கினீர்? ஒரு மாசம் ஆகல்லே!”

“என்ன ஆச்சுங்க சாமி?”

“என்ன ஆகணும்? நம்பெருமாளைத் திருத்தேர்ல சேவிச்சுட்டு வந்து, அடுப்பை மூட்டிட்டு, தளிகைக்கு ஜலம் சேந்தலாம்னு ஆத்துக்காரி கிணத்தடிக்குப் போறா. உள்ள பாத்தா ஜலம் ஊஞ்சலாடறது ஓய்! மேல வரது, கீழே போறது. அப்பறம் குழாய் வழியா ஒரே சேறு. அன்னிக்கு அண்டை ஆத்துலேர்ந்து ஜலம் வாங்கித் தளிகை பண்ணினோம். உம்ம கைங்கர்யம்!”

ரத்தினவேல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். “எப்பங்க சாமி?”

“சொன்னேனே, தேர் அன்னிக்கு. சனிக்கிழமை.”

“மணி என்ன இருக்கும்?”

“பத்து இருக்கும். மணி என்னத்துக்கு உமக்கு?”

ரத்தினவேலின் முகம் மலர்ந்தது. மூன்று நாளாக ஏச்சு வாங்கியிருக்கிறார். அவற்றுள் இதைப்போல் இனித்தது ஒன்றுமில்லை. “இன்னொரு வாட்டி சொல்லுங்க சாமி. நல்லாத் திட்டியே சொல்லுங்க.”

“சித்தம் கித்தம் கலங்கிடுத்தா?”

ரத்தினவேல் மடமடவென்று சொல்லத் தொடங்கினார். அலாஸ்காவைச் சொன்னார், மணியைச் சொன்னார், இறுகுவதையும் விரிவதையும் சொன்னார், அடைபட்ட தண்ணீரைச் சொன்னார். சகாயநாதனிடம் கேட்டபோது பொய்யாகத் தோன்றியதெல்லாம் இப்போது தம் வாயிலிருந்து மெய்யாக வருவதை அவரே வியந்துகொண்டார். ஆனால் ஆச்சாரியாரின் முகத்தில் மெல்லமெல்ல ஒரு சாயல் படர்ந்தது. தரையைப் பார்க்கும் சாயல். நல்லவனாயிற்றே, இப்படிப் பேசுகிறானே என்று இரங்கும் சாயல். முந்தைய நாள் தம் வீட்டில் சகாயநாதனுக்கு எதிரே தாம் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்பது ரத்தினவேலுக்கு விளங்கிற்று.

“ஓய், பண்றதையும் பண்ணிட்டு அமெரிக்காக்காரா மேல பழி போடறீரே! ஒத்துண்டா நான் என்ன தலையையா வாங்கிடப் போறேன்?”

“நிசமாங்க சாமி! காலேஜ் வாத்தியாரே சொன்னாருங்க!”

“காலேஜ் வாத்தியார் வந்து என் குழாயைச் சரி பண்ணுவாரா?”

“நானே சரி பண்றேங்க. இன்னிக்கே இறைச்சு விட்டுடுறேன், தெளிஞ்சிடும். ஒரே ஒரு உதவி. சனிக்கிழமை பத்து மணிக்கு இங்க தண்ணி ஆடுச்சுன்னு யாராவது வந்து கேட்டா சொல்வீங்களா?”

“ஆடித்துன்னு யார் கேட்டாலும் சொல்லுவேன், நடந்ததைச் சொல்ல என்ன? அமெரிக்கான்னு மட்டும் என் வாயால வராது” என்றார் ஆச்சாரியார்.

அதுவே போதும் என்று நினைத்தார் ரத்தினவேல். மதியம்வரை நின்று, கலங்கல் தெளியும்வரை இறைத்துவிட்டு, கொள்ளிடத்துக் காற்றும் காவிரிக் காற்றும் தமக்காகவே வீசுவதுபோல் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பினார். கையில் சான்று இருக்கிறது. ஆற்றைக் கடந்து நிற்கும் சான்று.

மாலையில் பங்குக் குழு கூடிற்று. சாமியார் வீட்டுக் கூடத்தில் பெஞ்சுகளைப் போட்டிருந்தார்கள். முதலில் சகாயநாதன் எழுந்தார். ஒரு தட்டில் தண்ணீர் வார்த்து மேசையின் ஒரு கோடியில் வைத்து, மறுகோடியைத் தட்டினார். தண்ணீர் நடுங்கிற்று.

“இப்ப மேசையை நீங்க தட்டினீங்க, நாங்க பாத்தோம். அங்க யாரு தட்டினா?” என்றார் செபஸ்தியான்.

“அதான் நிலநடுக்கம்னு சொல்றேனே, அண்ணே.”

“அலாஸ்காவுல தட்டினா மெட்ராஸ்ல ஒரு கிணறு ஆடக் காணோம், மதுரையில ஒரு கிணறு ஆடக் காணோம். நேரா இவரு வெட்டுற குழிக்குப் பக்கத்துல வந்து ஆடுதா?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் ரத்தினவேல் எழுந்தார். “ஸ்ரீரங்கத்துல ஆடியிருக்குங்க! அதே சனிக்கிழமை, அதே பத்து மணி. உத்திர வீதியில பெரிய மனுசர் வீட்டுக் கிணறு. எப்ப வேணும்னாலும் போய்க் கேளுங்க, அவரே சொல்வாரு.”

சாமியார்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். செபஸ்தியான் ரத்தினவேல் பக்கம் திரும்பினார். அவர் நேர்மையில்லாதவரல்லர், சான்று என்று ஒன்று வந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்.

“அந்தக் கிணத்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அங்க போன மாசம் குழாய் இறக்கினதுங்க.”

“யாரு?”

“நான்தாங்க.”

செபஸ்தியான் இரு கைகளையும் விரித்தார். “கேட்டுக்கிட்டீங்களா சாமி? இங்கயும் இவரு, அங்கயும் இவரு. இவரு கை பட்ட கிணறாப் பாத்துத்தான் தண்ணி ஆடுது!”

சகாயநாதன் மேசையில் முழங்கையை ஊன்றித் தலையைப் பிடித்துக்கொண்டார். “செபஸ்தியானண்ணே, ஸ்ரீரங்கம் மணலுண்ணே! அங்க எதுக்கு வெடி? அப்ப அலாஸ்காவுலயும் இவருதான் குழாய் இறக்கினாரா?”

“எனக்கென்னங்க தெரியும், இவரு எங்கெங்க வேலை எடுத்திருக்காரோ!”

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. ரத்தினவேல் நின்றபடியே இருந்தார். காவிரியைக் கடந்து கொண்டுவந்த சான்று, ஒரு குற்றத்தை இரண்டாக்கிவிட்டது. இனி மூன்றாவது கிணறொன்றைத் தேடிப் பிடித்தாலும் அதுவும் தம் தலையில்தான் விடியும் என்று அவருக்கு உறுதியாயிற்று. அவரை அறிந்தவர்களிடந்தானே அவர் போய் விசாரிக்க முடியும்?

செபஸ்தியான் குரலைத் தாழ்த்தி, தோழமையாகவே பேசினார். “இங்க பாருங்க ரத்தினவேலு. உங்க வேலையை நாங்க குறை சொல்லலை. உங்களை மாதிரிப் பாறையை உடைக்கிறவன் இந்தச் சுத்துவட்டத்துல இல்லை. ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள பசங்களுக்குத் தண்ணி வேணும். ‘ஏதோ தவறிப்போச்சு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நாளைக்கே குழியில இறங்குங்க. இல்லைன்னா புதுக்கோட்டை ஆளு ஒருத்தன் இருக்கான், அவனைத்தான் கூப்பிடணும். குழுவுல அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்.”

“நான்தான் அன்னிக்கே மன்னிச்சிட்டேனே” என்றார் சாமியார்.

ரத்தினவேல் சகாயநாதனைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் நடந்ததை நடந்தபடி அறிந்தவர் அவர் ஒருவரே. சகாயநாதன் அருகில் வந்து, காதோடு காதாகச் சொன்னார்: “உண்மை எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போங்களேன். இவங்களோட யாரு மல்லுக்கட்டுறது?”

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது ரத்தினவேலின் தொண்டை வரை வந்தது. நம்பாதவர்கள், ஒத்துக்கொள் என்கிறார்கள், அது சரி. நம்புகிறவரும் அதையேதான் சொல்கிறார்! கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது கோபம் எங்கேயோ வடிந்து போயிருந்தது.

புதுக்கிணற்றில் ஊற்று இன்னும் சிறிது ஆழத்தில்தான் இருக்கிறது. பாறையின் நிறத்திலேயே அவர் அதைக் கண்டுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தண்ணீரைத் தாமே திறந்துவிடலாம். சொன்னபின், இனி எந்த வாசலில் நின்று “விடாது” என்று சொல்வது? அவர் சொல்வது அவருக்கே பொய்யாகக் கேட்குமே!

ரத்தினவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாமியாரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“நான் வெடி வைக்கலை சாமி. புதுக்கோட்டை ஆளையே கூப்பிட்டுக்குங்க. நாளைக்குக் காலைல வந்து என் சாமானை எடுத்துக்கிறேன்.”